பங்குக் கிணறும் பவுசரும்

வாற ஞாயிற்றுக்கிழமை எங்கட சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் இருக்கு. நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விசயம்: "கணினி அறை – மென்பொருள் மாற்றம்". முதலாவது மதில் கட்டுறது. இரண்டாவது விளையாட்டுப் போட்டிக் கணக்கு. அந்த ரெண்டிலும் சண்டை பிடிச்சு எல்லாரும் களைச்சுப்போன பிறகுதான் எங்கட விசயம் வரும். "சரி சரி, பெடியள் சொல்லுறபடி செய்யட்டும்" எண்டு ரெண்டு நிமிசத்தில் முடிச்சுப்போடுவினம். அதனால் எனக்குச் சொல்ல இருக்கிறதை இஞ்ச முதலே எழுதிப் போடுறன்.

கோப்பாயில் எங்கட வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. எட்டுக் கொம்பியூட்டர். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் அனுப்பின காசில் ஆரோ பாவிச்சுக் கழிச்சதுகளை வாங்கினது. ஆறில் 4 ஜிபி ராம், மற்ற ரெண்டிலும் அதுகூட இல்லை. ஓ/எல் பிள்ளைகள் பஸ்கால் பழக வருவினம், ஏ/எல் பிள்ளைகள் பைதன் பழக. எல்லா மெசினிலும் லினக்ஸ். விண்டோசுக்குக் காசில்லை எண்டபடியால் தொடங்கினது. சுதந்திர மென்பொருள், கொள்கை எல்லாம் பிறகுதான் எங்களுக்கு வந்தது. அதை ஒளிக்கத் தேவையில்லை.

நிலையத்துக்கு நிரந்தர இணையம் இல்லை. மாசத்தில் ஒருக்கா ஒரு மெசினில் மட்டும் ஆற்றையேன் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு அப்டேட் எடுப்பம். இறக்கின பொதிகளை அழிக்காமல் வைச்சிரு எண்டு ஆப்ட்டுக்குச் சொல்லி வைச்சால், எல்லாம் ஒரு கோப்புறையில் வரிசையாகக் கிடக்கும். அதைப் பென்ரைவில் ஏத்தி மற்ற ஏழுக்கும் போடுறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு இந்த வேலையைத் தனியச் செய்யும். நாங்கள் பக்கத்தில் நிக்கத் தேவையில்லை.

இப்ப வந்திருக்கிற யோசனை இதுதான்: எட்டையும் துடைச்சுப்போட்டு, எல்லாச் செயலிகளையும் ஸ்னாப் வடிவத்துக்கு மாத்துவம். யோசனை சொன்னவன் எங்கட ஊர்த் தம்பிதான், கொழும்பில் கம்பசில் படிக்கிறான், கெட்டிக்காரன். "அண்ணை, உந்த டெப் பொதிகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறது கிழட்டு வேலை" எண்டு குறூப்பில் எழுதினான். எனக்கு இருபத்தேழு வயசு. அது கிடக்கட்டும்.

விசயம் தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். லினக்சில் ஒரு செயலி தனிய ஓடாது. எழுத்தைத் திரையில் காட்ட, படத்தைத் திறக்க, கோப்பைச் சுருக்க எண்டு கனக்க லைப்ரரிகள் அதுக்கு வேணும். 1993இல் தொடங்கின டெபியனும், அதிலிருந்து 2004இல் பிறந்த உபுண்டுவும் இதைப் பங்குக் கிணறு மாதிரி நடத்திச்சினம். ஊருக்கு ஒரு கிணறு, எல்லாச் செயலியும் அதிலதான் தண்ணி அள்ளும். ஆர் எப்ப இறைக்கிறது, ஆர் தூர் வாருறது எண்டதை விநியோகத்தின் ஆக்கள் பாப்பினம். ஸ்னாப், ஃபிளாட்பக், ஆப்இமேஜ் எல்லாம் வேற வழி: ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய தண்ணியைத் தானே பெட்டியில் கொண்டுவரும். எந்த லினக்சிலும் ஓடும். ஸ்னாப், ஃபிளாட்பக் பெட்டிகளுக்குச் சுவரும் இருக்கிறதால், உள்ளுக்குள் ஒண்டு கெட்டுப்போனாலும் வெளியில் இருக்கிறதைத் தொடுறது கஷ்டம். கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் முதலில் அப்பிடித்தான் இருந்தது.

தம்பி சொல்லுறதில் உண்மை இருக்கிற இடங்களை முதலில் ஒத்துக்கொண்டுவிடுறன்.

2014இல் டெபியன் ஆக்களின்ர மாநாட்டிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் ஏறி நிண்டு, லினக்ஸ் மேசைக் கணினிக்குச் செயலி கட்டிக் குடுக்கிறது பெரிய தலையிடி எண்டு சொன்னார். அவர் எழுதின சுழியோடிகளுக்கான சப்சேர்ஃபேஸ் செயலிக்கு விண்டோசுக்கும் மக்குக்கும் ஒவ்வொரு கோப்புக் காணும். லினக்சுக்கு மட்டும் ஒவ்வொரு விநியோகத்துக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகக் கட்டவேணும். லினக்சை உருவாக்கின மனுசனுக்கே இந்தக் கதி எண்டால், வவுனியாவிலோ மதுரையிலோ இருந்து தமிழ்ச் செயலி ஒண்டு எழுதுற பிள்ளையின்ர நிலைமையை யோசியுங்கோ. டெபியனுக்குள்ள அதைச் சேர்க்கிறதுக்குள்ள பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சிடும்.

பழைய பதிப்புப் பிரச்சினையும் உண்மை. எக்ஸ்-ஸ்கிறீன்சேவரை எழுதினவர் 2016இல், என்ர செயலியின்ர பழைய பதிப்பை வைச்சுக்கொண்டு இருக்கிறியள், எப்பவோ திருத்தின பிழைகளுக்கு எனக்கு முறைப்பாடு வருகுது, பேசாமல் அதைத் தூக்குங்கோ எண்டு டெபியனைக் கேட்டார். அதைவிடப் பாரதூரமானது 2008இல் வெளிவந்தது. ஓபன்-எஸ்எஸ்எல்லில் தேவையில்லை எண்டு நினைச்சு 2006இல் டெபியனில் ஒருத்தர் எடுத்துவிட்ட ஒரு துண்டால், ஏறக்குறைய ரெண்டு வருசமாக டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கின சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடியதாகப் போச்சு. கிணற்றைக் காக்கிறவரே கிணற்றைக் கெடுத்த கதை. ஆகவே டெப் எண்டால் புனிதம் எண்டு கும்பிடுற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் "பெட்டியில் போட்டால் பாதுகாப்பு" எண்டு தம்பி ஒரே வரியில் முடிக்கிறதுக்கு விடமாட்டன். 2023 செப்ரெம்பரில் வெப்பி படங்களைத் திறக்கிற லிப்வெப்பி எண்ட லைப்ரரியில் ஒரு பெரிய ஓட்டை பிடிபட்டது. பொதுக் கிணற்றில் அள்ளுற செயலிகளுக்கு வேலை சுகம்: விநியோகம் ஒரு பொதியைத் திருத்தி விட்டால் சரி. ஆனால் குரோம், பயர்பொக்ஸ், பிறகு எலக்ட்ரோனில் கட்டின அரட்டைச் செயலி, குறிப்புச் செயலி எல்லாம் தங்கட தங்கட நகலை வயித்துக்குள்ள வைச்சிருந்ததுகள். ஒவ்வொண்டும் தனித்தனியத் திருத்தம் வெளியிடவேண்டி வந்தது. எங்கட அறைக்கு அது எத்தனை எம்பி எண்டு கணக்குப் பாக்கிறது நாங்கள்தான். சிலிக்கன் பள்ளத்தாக்கில் ஒருத்தரும் பாக்கமாட்டினம்.

மற்றப் பக்கமும் சொல்லவேணும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் எண்ட சுருக்கும் லைப்ரரிக்குள்ள ஆரோ வருசக்கணக்காகத் திட்டமிட்டு நஞ்சு வைச்சது வெளிச்சத்துக்கு வந்தது. பங்குக் கிணற்றில் நஞ்சு வைச்சால் ஊரே குடிக்கும். எங்கட குடாநாட்டுச் சனத்துக்கு அதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட ஆக்கள் நாங்கள். அந்த எக்ஸ்இசட் நஞ்சைப் பிடிச்சது அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் எண்ட ஒரு பொறியியலாளர். எஸ்எஸ்எச்சுக்குள்ள நுழைய அரைச் செக்கன் கூட எடுக்குதே எண்டு சந்தேகப்பட்டுத் தோண்டிப் பாத்தார். டெபியனின் நிலைப்பதிப்புக்குள்ள அது வரமுதலே நிண்டுபோச்சு. "பழைய பதிப்பு, பழைய பதிப்பு" எண்டு நாங்கள் நக்கலடிக்கிற அந்த மெத்தனம்தான் அண்டைக்குக் காப்பாத்தினது.

சரி, பெட்டியா கிணறா எண்டதில் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதுதான் சண்டை எண்டால் நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டன். எனக்குக் கோவம் வாற இடம் வேற.

2019 ஒக்ரோபரில் உபுண்டு 19.10 வந்தது. அதில் நீங்கள் வழக்கம்போல ஆப்ட்டிடம் "குரோமியம் தா" எண்டு கேட்டால், ஒரு டெப் பொதி வரும். ஆனால் அதுக்குள்ள குரோமியம் இல்லை. அது போய் ஸ்னாப் கடையில் இருந்து பெட்டியை எடுத்துக்கொண்டுவந்து வைக்கும். கடையில் சம்பா அரிசி கேட்ட ஆளுக்குச் சம்பா எண்டு எழுதின பையில் வேற அரிசியைக் கட்டிக் குடுக்கிற வேலை. அந்த அரிசி நல்லதா கெட்டதா எண்டது ரெண்டாவது கேள்வி. லினக்ஸ் மிண்ட் ஆக்கள் இதுக்குத்தான் கொதிச்செழுந்தவை. 2020 யூனில் வந்த மிண்ட் 20இல், பாவனையாளர் விரும்பிக் கேட்டாலொழிய ஸ்னாப் தானாக உள்ளுக்க வராதபடி மறிச்சு வைச்சினம். எப்பிடித் திறக்கிறது எண்டதையும் எழுதி வைச்சினம். கதவைச் சாத்தினாலும் திறப்பை வீட்டுக்காரனிட்டக் குடுக்கிறது அதுதான்.

பிறகு 2022. ஏப்ரல் 21 அண்டைக்கு உபுண்டு 22.04 வெளிவந்தது, பயர்பொக்சும் ஸ்னாப்பாக மாறினது. அந்த ஏப்ரல் எங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டு ஞாபகப்படுத்தவேணுமா? மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அரசாங்கம் அறிவிச்சது. மண்ணெண்ணெய்க்குக் கான் கட்டிக்கொண்டு வரிசையில் நிண்டம். கரண்ட் வாற நேரத்துக்குள்ள ஒரு வேலையை முடிக்கவேணும் எண்டு ஓடித்திரிஞ்ச அந்தக் கிழமையில், உலகத்தில் அதிகம் பாவிக்கிற லினக்சுகளில் ஒண்டில் உலாவி திறக்க முந்தியைவிடக் கூட நேரம் எடுத்தது. முதல் தடவை திறக்கும்போது உலகத்து மொழிப் பொதிகள் எல்லாத்தையும் நகலெடுத்துக்கொண்டு இருந்ததும் அதுக்கு ஒரு காரணம் எண்டு அவையளே பிறகு எழுதித் திருத்திச்சினம். தமிழ்ப் பொதி ஐஸ்லாந்துக்காரனைத் தாமதப்படுத்த, ஐஸ்லாந்துப் பொதி தமிழனைத் தாமதப்படுத்தி இருக்கு. சமத்துவம் எண்டால் இதுதான்!

நியாயமாகச் சொல்லவேணும்: அந்த மாற்றத்துக்கு மொசில்லாவும் உடன்பட்டுத்தான் நடந்தது. ஸ்னாப்பின் வேகமும் அதுக்குப் பிறகு கனக்கக் கூடியிருக்கு. ஆனால் அதே மொசில்லா 2024 சனவரியில் தன்ர சொந்தக் களஞ்சியத்தைத் திறந்து பயர்பொக்சை டெப் பொதியாகவே குடுக்கத் தொடங்கிச்சு. கிழட்டு வேலை எண்டு அவைக்கு ஆரும் சொல்லேல்லைப் போல.

இப்ப சாவிக்கு வாறன். டெபியன் களஞ்சியத்தை ஆரும் அப்பிடியே நகலெடுத்து நடத்தலாம். கான்பூர் ஐஐடி நடத்துது, உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்துதுகள். விரும்பினால் ஒரு ஹாட் டிஸ்க்கில் ஏத்தி எங்கட வாசிகசாலை அலுமாரியிலும் வைக்கலாம். ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை. ஸ்னாப்புக்கு உலகத்தில் ஒரே ஒரு கடை. அது கனோனிக்கல் நிறுவனத்தின் கடை. பெட்டியைத் திறக்கிற நிரல் திறந்த மூலம். கடையை நடத்துற நிரல் மூடினது. நாங்களே ஒரு கடை போட்டு ஸ்னாப்பை அங்க திருப்பிவிட ஏலாது. கடையைத் தாண்டிக் கையில் இருக்கிற கையொப்பமில்லாப் பெட்டி ஒண்டைப் போடலாம்தான்; ஆனால் அதுக்குக் கட்டளையில் சேர்க்கவேண்டிய சொல் என்ன தெரியுமா? "டேஞ்சரஸ்". உங்கட வீட்டில் உங்கட மெசினில் நீங்களே கட்டின பெட்டியைப் போடுறதுக்கு வைச்ச பேர் அது.

தண்ணி பவுசரில் வருகுது. நல்ல தண்ணிதான். ஆனால் பவுசர் ஒரே ஒரு கம்பனியின்ர. எப்ப வரும், எந்த ஒழுங்கைக்கு வரும் எண்டதை அவைதான் முடிவெடுப்பினம். அதைக் கேட்டுப்போட்டு "கிணற்றை மூடுவம், பவுசர் வருதுதானே" எண்டு ஒரு ஊர்ச்சங்கம் தீர்மானம் போட்டால் என்ன சொல்லுவியள்?

கடைக்காரர் கவனமாகப் பாப்பினம் எண்டும் நம்ப ஏலாது. 2018இல் ஒரு விளையாட்டு ஸ்னாப்புக்குள்ள இரகசியமாக நாணயம் தோண்டுற நிரல் இருந்தது. 2024 பெப்ரவரியில் எக்ஸோடஸ் பணப்பை எண்ட பேரில் ஒரு போலிச் செயலியை அதே கடையில் இருந்து இறக்கின ஒருத்தர் 9 பிட்கொயினை இழந்தார். எங்கட பிள்ளைகளிட்ட பிட்கொயின் இல்லை, அது வேற கதை. ஆனால் "கடையில் இருந்தால் நல்லது" எண்டு பழக்கிவிட்டால் நாளைக்கு வங்கிச் செயலியிலும் அதே பழக்கம்தான் வரும்.

பென்ரைவ் விசயம் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம். ஸ்னாப் செயலிகளுக்கு வெளியில் இருந்து செருகுற வட்டைத் திறக்கிற அனுமதி பொதுவாகத் தானாகக் கிடைக்காது. கனக்கச் செயலிகளுக்கு நாங்களே ஒவ்வொண்டாகக் குடுக்கவேணும். பாதுகாப்புக்கு அது சரியான யோசனை. ஆனால் எங்கட அறையில் உயிர் ஓடுறதே பென்ரைவில்தான். பிள்ளை வீட்டில் செய்த வேலையைக் கொண்டுவந்து செருகுது, செயலி "அப்பிடி ஒண்டும் இல்லை" எண்டுது. பிள்ளை என்ன நினைக்கும்? லினக்ஸ் உதவாது எண்டுதான் நினைக்கும். பெட்டிச் சுவர் எண்டு ஒருத்தர் வந்து விளங்கப்படுத்தும் வரைக்கும் பொறுத்திருக்காது.

தமிழ் எழுதுறதும் அப்பிடித்தான். எங்கட பிள்ளைகள் பழகுறது ரெங்கநாதன் விசைப்பலகை, இலங்கைத் தமிழ் நியமத்தில் உள்ளது. அது லினக்சில் எம்17என் எண்ட ஒரு பொதுத் தொகுதிக்குள்ள கிடக்கு. பொதுக் கிணற்றில் ஆரோ ஒருத்தர் ஒருக்காப் போட்டது. எல்லாச் செயலியும் அள்ளிக் குடிக்குது. பெட்டிகள் வந்தபோது, வெளியில் ஓடுற உள்ளீட்டு முறை பெட்டிக்குள்ள இருக்கிற செயலியோட கதைக்க வழி இல்லாமல் போய், ஐபஸ் ஆக்கள் அதுக்கெண்டே புதுசாக ஒரு வாசல் கட்டவேண்டி வந்தது. ஆங்கிலத்தில் தட்டுறவைக்கு இப்பிடி ஒரு பிரச்சினை இருந்ததே தெரியாது. ஒரு வடிவத்தை மாத்தும்போது கடைசியாகத் திருத்தப்படுறது எப்பவும் எங்கட மாதிரி மொழிகள்தான். அதனால் முதல் ஆளாக ஓடிப்போய் மாறவேணும் எண்ட அவசரம் எங்களுக்கு ஏன்?

டேட்டாக் கணக்கு. ஒண்டுமில்லாத மெசினில் ஒரு பெட்டிச் செயலி போட்டால் அடித்தளம், தோற்றத் தொகுதி எண்டு துணைக்கு ஆக்கள் வருவினம். ஸ்னாப்பில் க்னோம் 42 தொகுதி மட்டும் 500 எம்பி அளவு. ஃபிளாட்பக்கும் இதில் யோக்கியன் இல்லை, அங்கயும் நூற்றுக்கணக்கான எம்பியில் அடித்தளம் வரும். பிறகு வாற புதுப்பிப்புகளில் ரெண்டும் மாறின பகுதியை மட்டும் இறக்கப் பாக்கும், டெப் முழுப் பொதியையும் இறக்கும். அந்த இடத்தில் தம்பி சொன்னது சரி. ஆனால் ஸ்னாப் வழமையில் ஒரு நாளைக்கு நாலு தரம் புதுசு இருக்கா எண்டு தானே பாத்துத் தானே இறக்கும். நிரந்தரமாக நிப்பாட்டி வைக்கிற வசதி வரவே 2022 கடைசி ஆச்சு. எங்கட அறைக்கு வாற ஒரு பெடியன்ர லப்டொப்பில் ஏதோ ஒரு செயலி இரவிரவாகத் தன்னைப் புதுப்பிச்சு, அக்காவின்ர போன் டேட்டா முழுக்கக் குடிச்சிட்டுது. விடிய ஒன்லைன் ரியூசன் போச்சு. எந்தச் செயலி எண்டு எனக்குத் தேவையில்லை. எங்கட வீட்டு உண்டியலை எங்களைக் கேக்காமல் உடைக்கிற எதுவும் அந்த அறைக்குள்ள வரக்கூடாது.

இதில் "நாங்கள் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட பரம்பரை, எதையும் சமாளிப்பம்" எண்டு ஆரும் தொடங்கவேண்டாம். அப்பாமார் அதை ஆசைக்குச் செய்யேல்லை. பற்றரியைத் தடைசெய்ததால் செய்தவை. வெளியில் இருக்கிற ஒருத்தர் கையை வைச்சால் எங்கட வீட்டில் விளக்கு அணையும் எண்ட நிலைமையை நாங்களாக விரும்பி, இலவசமாக, ஒரு கூட்டத்தில் கை உயர்த்தி வாங்கிக்கொள்ளக் கூடாது எண்டதுதான் அந்தக் கதையில் இருந்து எனக்கு விளங்கினது.

ஃபிளாட்பக்கைப் பற்றித் தம்பி கேப்பான், "அதுக்கு ஏன் இந்த ஏச்சு இல்லை?" எண்டு. இருக்கு. 2025 தொடக்கத்தில், ஃபெடோரா தானாகக் கட்டின ஓபிஎஸ் பெட்டி ஒழுங்காக வேலை செய்யாமல், ஓபிஎஸ் ஆக்கள் எங்கட பேரை எடுங்கோ, இல்லாட்டி சட்டத்தால் பாப்பம் எண்டு சொல்லுற அளவுக்குப் போச்சு. ஆனால் அந்தச் சண்டை நடக்கிறதுக்கே காரணம் ஃபெடோரா தனிக் கடை ஒண்டு வைச்சிருக்க முடிஞ்சதுதான். ஃபிளாட்ஹப்தான் பெரிய கடை, ஒரே கடை இல்லை. நாளைக்கு நாங்கள் ஒண்டு திறந்தாலும் மறிக்க ஆள் இல்லை. பெட்டியைப் பென்ரைவில் ஏத்திக் குடுக்கிறதுக்கு அதில் ஒரு கட்டளையே இருக்கு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் கேக்கப்போறது இவ்வளவுதான். எட்டு மெசினிலும் டெபியன் நிலைப்பதிப்பு அல்லது மிண்ட். பஸ்கால், பைதன், லிப்ரே ஒஃபிஸ், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் டெப் பொதியாக, இப்ப போடுறமாதிரியே. புதுப் பதிப்பு கட்டாயம் வேணும் எண்ட ரெண்டு மூண்டு செயலிக்கு மட்டும் ஃபிளாட்பக், அதையும் ராம் கூடின மெசினில். ஸ்னாப் வேண்டாம். ஸ்னாப் பெட்டியை ஒருக்கா இறக்கிக் கையொப்பக் கோப்போட மற்ற மெசினுக்குக் கொண்டுபோற வழி ஒண்டு இருக்கெண்டு எனக்கும் தெரியும். தம்பி அதை அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின்ர கையால், எட்டு மெசினுக்கும், இணையத்தைத் துண்டிச்சு வைச்சுப்போட்டுச் செய்வித்துக் காட்டட்டும். செய்துகாட்டினால் கடைச்சாவிக் கதையைத் தவிர மற்றது எல்லாத்தையும் நான் வாபஸ் வாங்குறன்.

இன்னொண்டு. பழைய பென்ரைவின்ர மூடி கழண்டு, செருகினால் ஆட்டி ஆட்டிப் பிடிக்கவேண்டிக் கிடக்கு. 32 ஜிபியில் ஒண்டு வாங்கவேணும். மதில் கணக்கில் ஏதும் மிஞ்சினால் பொருளாளர் அண்ணை கொஞ்சம் பாருங்கோ.